போகலாமா, இருக்கலாமா: வாழ்க்கைத் தரத்தை எடை போடுவது எப்படி?

வெளிநாட்டு வேலைக்கான கடிதம் கைக்கு வந்த அன்று இரவே பெரும்பாலானவர்கள் இரண்டு காரியம் செய்வார்கள். அங்கே தரும் சம்பளத்தைத் தங்கள் நாட்டுப் பணமாக மாற்றிப் பார்ப்பார்கள். அப்புறம் அந்த நாடு ‘வாழ்க்கைத் தரப் பட்டியலில்’ எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று தேடுவார்கள். முதல் கணக்கு பாதிதான் சரி. இரண்டாவது பட்டியல், பல சமயம், வேறு யாருக்காகவோ போட்டது.

ஐ.நா.வின் கணக்குப்படி 2024இல் பிறந்த நாட்டுக்கு வெளியே வாழ்ந்தவர்கள் ஏறக்குறைய 30 கோடியே 40 லட்சம் பேர். எண்ணாகப் பார்த்தால் பெரிது. ஆனால் உலக மக்கள்தொகையில் அது 3.7 சதவீதம்தான். நூறு பேரில் தொண்ணூற்றாறு பேர் பிறந்த நாட்டிலேயே இருக்கிறார்கள். அவர்களில் பலருக்குப் போக வழியில்லை. போனவர்களிலும் பலருக்கு இருக்க வழியில்லை. போர், துரத்தல், பஞ்சம் என்று ஓடியவர்களிடம் ‘வாழ்க்கைத் தரத்தை எடை போட்டீர்களா’ என்று கேட்பது அபத்தம். போகவும் முடியும், இருக்கவும் முடியும் என்ற நிலையில் தூக்கம் கெட்டு யோசிப்பவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை.

ஒரே சொல், இரண்டு பொருள்

தமிழில் குழப்பம் சொல்லிலேயே தொடங்கிவிடுகிறது. பொருளாதாரப் பாடத்தில் ‘வாழ்க்கைத் தரம்’ என்றால் வருமானம், வீடு, வாகனம், வாங்கும் பொருள்கள். மருத்துவர்கள் அதே சொல்லைச் சொல்லும்போது, நோயாளி வலியில்லாமல் நடக்கிறாரா, தூங்குகிறாரா, பேரப்பிள்ளையைத் தூக்க முடிகிறதா என்பதைக் குறிக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு சங்கதி. முதலாவதை ‘வசதி’ என்றும், இரண்டாவதை மட்டும் ‘வாழ்க்கைத் தரம்’ என்றும் இந்தக் கட்டுரையில் சொல்கிறேன். வசதி கூடி வாழ்க்கைத் தரம் குறைவது நடக்கக்கூடியதுதான். வெளிநாடு போனவர்கள் சிலர் இரவு 11 மணிக்குத் தொலைபேசியில் சொல்லாமல் சொல்வது அதைத்தான்.

உலக சுகாதார நிறுவனம் 1990களில் இதற்கு ஒரு வரையறை கொடுத்தது. சுருக்கிச் சொன்னால்: தான் வாழும் பண்பாட்டுக்கும் மதிப்பீடுகளுக்கும் நடுவில், தன் இலக்கு, எதிர்பார்ப்பு, கவலை ஆகியவற்றோடு பொருத்திப் பார்த்து, ஒருவர் தன் வாழ்க்கை நிலையைத் தானே எப்படி உணர்கிறார் என்பதுதான் வாழ்க்கைத் தரம். இதில் கவனிக்க வேண்டிய சொற்கள் இரண்டு. ஒன்று, ‘தானே’. அடுத்த வீட்டுக்காரர் அளந்து சொல்ல முடியாது. இன்னொன்று, ‘எதிர்பார்ப்பு’. எதிர்பார்ப்பு நகர்ந்தால் அளவும் நகரும். ஊர் மாறினால் எதிர்பார்ப்பு நகராமல் இருக்குமா? இந்தக் கேள்வியைக் கொஞ்சம் கையில் வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும்.

பட்டியல்கள் யாருக்காக?

எல்லாருக்கும் தெரிந்தது மனித மேம்பாட்டுக் குறியீடு. பாகிஸ்தான் பொருளியலாளர் மஹ்பூப் உல் ஹக் முன்னின்று, அமர்த்தியா சென் போன்றவர்களின் சிந்தனையைத் துணைகொண்டு, 1990இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் வழியாகக் கொண்டுவந்தது. நாட்டின் வளர்ச்சியைப் பணத்தை மட்டும் வைத்து அளக்காதீர்கள், ஆயுளையும் கல்வியையும் சேருங்கள் என்பதுதான் அதன் சாரம். நல்ல காரியம். அரசாங்கங்களைக் கேள்வி கேட்க அது உதவும். ஒரு குடும்பம் பெட்டி கட்டலாமா என்று முடிவு செய்ய உதவுமா என்றால், ஓரளவுக்குத்தான். அது ஒரு நாட்டின் சராசரி. அந்தச் சராசரியில் இருப்பவர்களில் பெரும்பாலானோர் அந்த நாட்டுக் குடிமக்கள். அந்த மொழியிலேயே கனவு காண்பவர்கள். கூப்பிட்டால் வரும் தூரத்தில் அக்காவோ பாட்டியோ இருப்பவர்கள். நீங்கள் போய் இறங்கும்போது இவற்றில் ஒன்றும் உங்கள் கையில் இருக்காது.

நகரங்களை வரிசைப்படுத்தும் பட்டியல்கள் இன்னொரு ரகம். எகனாமிஸ்ட் இன்டெலிஜென்ஸ் யூனிட் என்ற ஆய்வு நிறுவனம் வெளியிடும் வாழத்தகு நகரங்களின் பட்டியல் ஆண்டுதோறும் செய்தியாகும். அமைதி நிலை, மருத்துவம், பண்பாடும் சூழலும், கல்வி, உள்கட்டமைப்பு என்ற ஐந்து தலைப்பில் மதிப்பெண் போடுகிறார்கள். நிறுவனங்கள் தங்கள் ஊழியரை வேறு நாட்டுக்கு அனுப்பும்போது எவ்வளவு ‘சிரமப்படி’ கொடுக்கலாம் என்று கணக்கிட இது பயன்படுகிறது. அதாவது, வாடகையை அலுவலகம் பார்த்துக்கொள்ளும் ஊழியரின் கண்ணால் பார்த்த நகரம். அந்த மதிப்பெண்ணில் விலைவாசி சேராது! முதலிடம் பிடித்த நகரத்தில் உங்கள் சம்பளத்துக்கு வீடு கிடைக்குமா என்று அது சொல்லவே சொல்லாது.

இருக்கும் பட்டியல்களில் எனக்குக் கொஞ்சம் பிடித்தது, பெரும்பாலும் பணக்கார நாடுகள் சேர்ந்த ஓ.இ.சி.டி. அமைப்பு 2011இல் தொடங்கிய ‘சிறந்த வாழ்வுக் குறியீடு’. வீடு, வருமானம், வேலை, சமூக உறவு, உடல்நலம், பாதுகாப்பு என்று 11 தலைப்பு. எதற்கு எவ்வளவு எடை என்பதை நீங்களே வைக்கலாம். வைக்க வைக்க வரிசை மாறும். ஐந்து நிமிடம் அதோடு விளையாடினால் ஒன்று புரிந்துவிடும்: யாருக்கு எது முக்கியம் என்று கேட்காமல் ‘சிறந்த நாடு’ என்று ஒன்றைச் சொல்ல முடியாது.

சம்பளத்தை மாற்றிப் பார்ப்பதில் என்ன தப்பு?

சம்பளம் முக்கியமே இல்லை என்று சொல்பவர்கள் பொதுவாகச் சம்பளம் போதுமான அளவு வாங்குபவர்கள். பணம் முக்கியம்தான், கணக்கை மட்டும் சரியாகப் போட வேண்டும்.

எண்ணை எளிதாக வைத்துக்கொள்வோம். இங்கே உங்கள் சம்பளம் 100. அங்கே தருவதாகச் சொல்வது, இன்றைய மாற்று விகிதத்தில், 300. மூன்று மடங்கு என்று மனசு துள்ளும். ஆனால் அங்கே பொதுவான விலைவாசி இங்கே இருப்பதைப் போல இரண்டரை மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். 300ஐ 2.5ஆல் வகுத்தால் 120. ஆக, வாங்கும் திறனில் பார்த்தால் கூடுதல் 20 சதவீதம்தான். இந்த வகுத்தலுக்குத்தான் பொருளியலில் ‘வாங்கும் திறன் சமநிலை’ என்று பெயர்.

இத்தோடு நிறுத்திவிட்டால் அதுவும் தப்பு. ஏனென்றால் நீங்கள் 300ஐயும் அங்கேயே செலவழிக்கப் போவதில்லை. இங்கே 100இல் 85 செலவழித்து 15 மிச்சம் பிடித்தீர்கள். அங்கே 75 மிச்சம் பிடித்து வீட்டுக்கு அனுப்புகிறீர்கள் என்றால், மீதி 225. அதை 2.5ஆல் வகுத்தால் 90. இங்கே 85க்கு வாழ்ந்த வாழ்க்கையைவிட ஒரு துளி மேல், ஆனால் மிச்சம் ஐந்து மடங்கு. அனுப்பிய 75, இங்கே உள்ள விலையில் செலவாகும் என்பதால் அது 75ஆகவே இருக்கும். அதே 75ஐ அங்கேயே வீடு வாங்கச் சேர்த்துவைத்தால்? அதன் பலம் 30தான். ஆகவே ‘அங்கே போனால் லாபமா’ என்ற கேள்விக்கு முன்னால் வேறொரு கேள்வி இருக்கிறது: மிச்சம் பிடிக்கும் பணத்தை எந்த ஊரில் செலவழிக்கப் போகிறீர்கள்? பத்து ஆண்டில் திரும்புபவருக்கும் அங்கேயே வேர்விடப் போகிறவருக்கும் ஒரே சம்பளக் கடிதம் இரண்டு வேறு கடிதங்கள்.

இன்னொரு விஷயம். ‘இரண்டரை மடங்கு’ என்பதும் ஒரு சராசரிதான். கைப்பேசி எங்கே வாங்கினாலும் ஏறக்குறைய ஒரே விலை, ஏனென்றால் கைப்பேசி கப்பலேறும். முடிவெட்டுபவர் கப்பலேற மாட்டார். அவருடைய கூலி அந்த நாட்டில் மற்ற வேலைகளுக்கு என்ன கிடைக்கிறதோ அதையொட்டித்தான் இருக்கும். பணக்கார நாடுகளில் சேவைகளின் விலை ஏன் இப்படி ஏறி நிற்கிறது என்பதை பலாசா, சாமுவேல்சன் என்ற இரண்டு பொருளியலாளர்கள் 1964இல் தனித்தனியாக விளக்கினார்கள். நமக்குத் தேவையான பாடம் இதுதான்: உங்கள் இன்றைய வாழ்க்கை எவ்வளவு தூரம் பிறருடைய உழைப்பை மலிவாக வாங்கி நடக்கிறது? வீட்டு வேலைக்கு ஆள், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள், ஓட்டுநர், கூப்பிட்டதும் வரும் குழாய் ரிப்பேர்க்காரர். இதெல்லாம் அங்கே உங்கள் கையால் நடக்கும். பண இழப்பாக அது தெரியாது, நேர இழப்பாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை பாதி போய்விடும்.

பழகிப்போவதும் பழகாததும்

எனக்கு இந்த விஷயத்தில் சொல்ல உருப்படியாக ஒன்று இருக்கிறது என்றால், அது இங்கேதான்.

டேவிட் ஷ்கேட், டேனியல் கானமன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1998இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அமெரிக்காவில் வெயிலும் கடலுமாக இருக்கும் கலிஃபோர்னியாவிலும், குளிர் வாட்டும் நடுமேற்குப் பகுதியிலும் படிக்கும் மாணவர்களிடம் கேட்டார்கள். ‘உன்னைப் போன்ற ஒருவர் இந்த இரண்டில் எங்கே அதிகத் திருப்தியாக இருப்பார்?’ கலிஃபோர்னியா என்றார்கள் இரு பக்கத்தாரும். சரி, உங்கள் வாழ்க்கையில் உங்களுக்கு எவ்வளவு திருப்தி என்று கேட்டபோது, இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒரே அளவு. வானிலையை நினைத்து ஊரை ஒப்பிடும்போது வானிலை பெரிதாகத் தெரிகிறது. வாழும்போது யாரும் நாள் முழுக்க வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. பரீட்சை, காதல், பாக்கி வைத்த கடன் என்று மனம் வேறெங்கோ இருக்கிறது.

ஊர் மாற்றத்தை யோசிக்கும்போது நாம் செய்யும் பிழை இதுவேதான். இரண்டு ஊருக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எண்ணிப் பார்க்கிறோம். அகலமான சாலை, பனி, பூங்கா, சத்தமில்லாத தெரு. வித்தியாசம் இல்லாத விஷயங்கள்தான் நாளின் பெரும்பகுதியை நிரப்புகின்றன என்பது நினைவுக்கு வருவதில்லை. மேலாளரோடு சண்டை, முதுகுவலி, துணையோடு பேச நேரமில்லாமை. இவை பெட்டியோடு சேர்ந்தே விமானம் ஏறும்.

ஆகவே காரணங்களை எழுதும்போது ‘நல்லது, கெட்டது’ என்று இரண்டாகப் பிரிப்பதைவிட, ‘பழகிப்போகும், பழகாது’ என்று பிரிப்பது உபயோகமானது. பெரிய வீடு பழகிப்போகும். புதிய காரும் அப்படித்தான். சன்னலுக்கு வெளியே தெரியும் மலை, ஆறு மாதத்தில் சுவர்போல ஆகிவிடும். குளிரும் பெரும்பாலும் பழகிவிடும் (எல்லாருக்கும் அல்ல, சூரியன் இல்லாத மாதங்கள் சிலரை நிஜமாகவே நோயில் தள்ளும்).

பழகாதவை எவை? தினசரிப் பயணம் ஒன்று. வேலைக்குப் போய்வர நீண்ட நேரம் ஆவதை, நல்ல வீடோ நல்ல சம்பளமோ ஈடுகட்டிவிடும் என்று நினைக்கிறோம். பொருளியலாளர்கள் புருனோ ஃபிரேயும் அலோயிஸ் ஸ்டுட்சரும் ஜெர்மனியின் தரவுகளை வைத்துப் பார்த்தபோது, அப்படி ஈடுகட்டவில்லை. பயணம் நீள நீளத் திருப்தி குறைந்திருந்தது. ஒவ்வொரு நாள் நெரிசலும் ஒவ்வொரு மாதிரி என்பதால் மனம் அதற்குத் தோல் தடித்துக்கொள்வதில்லை என்பது என் ஊகம். இதோடு தனிமையைச் சேருங்கள். விட்டு விட்டு வரும் இரைச்சலைச் சேருங்கள். மரியாதைக் குறைவாக நடத்தப்படுவதையும் சேருங்கள். ‘எத்தனை நாள் இங்கே இருக்க முடியும்’ என்ற நிச்சயமின்மையை எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள்.

நல்லதிலும் பழகாதவை உண்டு. நண்பர்களோடு உட்காரும் நேரம், வேலையில் நாமே முடிவெடுக்கும் சுதந்திரம், இரவு 10 மணிக்குத் தனியாக நடந்து வீடு திரும்ப முடிவது. கடைசியாகச் சொன்னதை ஆண்கள் பலர் பட்டியலில் எழுதவே மாட்டார்கள். பெண்கள் முதலில் எழுதுவார்கள். ஒரே வீட்டில் இரண்டு பேரும் தனித்தனித் தாளில் எழுதிப் பார்க்க இதுவே போதுமான காரணம்.

சுத்தமான காற்று ஒரு விசித்திரமான இனம். ஒரு மாதத்தில் அதைக் கவனிப்பதை நிறுத்திவிடுவோம். ஆனால் நுரையீரல் கணக்கு வைத்துக்கொண்டேதான் இருக்கும். குடிநீர், நல்ல மருத்துவம், விபத்துக் குறைந்த சாலை எல்லாம் இந்த வகை. இவை தரும் நன்மை ‘நடக்காமல் போனது’ என்ற வடிவத்தில் வருவதால் மனசுக்குத் தெரியாது. இவற்றை உணர்ச்சியை நம்பி எடை போடக்கூடாது; ஆயுள், நோய், விபத்து பற்றிய எண்களைப் பார்த்துத்தான் போட வேண்டும். நாட்டுச் சராசரிகள் உண்மையிலேயே கைகொடுக்கும் இடம் இது.

ஒரு செவ்வாய்க்கிழமையை எழுதிப் பாருங்கள்

நாட்டோடு நாட்டை ஒப்பிடுவதை நிறுத்திவிட்டு, நாளோடு நாளை ஒப்பிடுங்கள். விசேஷ நாள் வேண்டாம், விடுமுறையும் வேண்டாம். ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை. காலை எழுந்ததிலிருந்து படுக்கும்வரை மணிவாரியாக இரண்டு தாளில், ஒன்று இங்கே, ஒன்று அங்கே.

கணவன், மனைவி, நான்கு வயதுக் குழந்தை உள்ள ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். வேலை வந்திருப்பது மனைவிக்கு. அங்கே உள்ள தாளில் அவள் நாள் நன்றாகவே இருக்கிறது: காலை 8.30க்கு அலுவலகம், மாலை 5 மணிக்கு மேல் யாரும் அழைப்பதில்லை, மேலாளரைப் பேர் சொல்லிக் கூப்பிடலாம். கணவனின் தாளில் காலை 9 மணியிலிருந்து மதியம் 3 மணிவரை வெறும் இடம். அவன் ஆசிரியர் என்றால், மருத்துவர் என்றால், வழக்கறிஞர் என்றால், அங்கே உரிமம் வாங்கும்வரை அந்தத் தொழிலைத் தொட முடியாமல் போகலாம். சார்ந்து வருபவருக்குத் தரும் விசாவில் வேலை செய்யவே அனுமதி உண்டா என்பதும் நாட்டுக்கு நாடு மாறும். அந்த வெற்றிடத்தில் என்ன எழுதுவது என்று இரண்டு பேரும் உட்கார்ந்து பேசாமல் கையெழுத்துப் போடக்கூடாது. போன இடத்தில் முறியும் திட்டங்கள் பல அந்த 9 முதல் 3 மணிக்குள்தான் முறிகின்றன என்பது என் அபிப்பிராயம்.

இப்போது அதே நாளில் காலை 10 மணிக்குக் குழந்தைக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து அழைப்பு வருகிறது என்று வையுங்கள். இங்கே யார் போவார்? பெரியம்மா போவாள், பக்கத்து வீட்டு அக்கா போவார். அங்கே யார் போவது? அந்தப் பேரைத் தாளில் எழுதுங்கள். ஒரு பேரும் தோன்றவில்லை என்றால் போகாதீர்கள் என்று சொல்லவில்லை. அந்தப் பேரைச் சம்பாதிக்க ஓரிரு வருடம் ஆகும், அதுவரை விடுப்புக் கணக்கில்தான் குழந்தையின் காய்ச்சல் ஓடும் என்று தெரிந்துகொண்டு போங்கள்.

மருத்துவரிடம் போய் உட்கார்ந்த பிறகு இன்னொன்று இருக்கிறது. குத்துகிறதா, கடுக்கிறதா, சுருக்கென்று இழுக்கிறதா, விண்விண் என்று தெறிக்கிறதா? நம் மொழியில் வலிக்கு இத்தனை பேர். கற்ற மொழியில் ‘வலிக்கிறது’ என்ற ஒன்றோடு நின்றுவிடும். மொழித்திறன் என்றால் வேலை நேர்காணலில் பேசுவது என்று நினைக்கிறோம். வலியைச் சொல்லவும், வீட்டுக்காரரோடு சண்டை போடவும், பள்ளியில் பிள்ளைக்காகப் பேசவும் தேவைப்படும் மொழி அதைவிட ஆழமானது.

மாலைப் பகுதியையும் விடாதீர்கள். 6 மணிக்கு மேல் யாரோடு பேசுவீர்கள்? நேர வித்தியாசத்தில் அப்போது ஊரில் நள்ளிரவாக இருந்தால், அம்மாவோடு பேசுவது சனி, ஞாயிறுக்கு மட்டும் என்றாகிவிடும்.

இருக்கும் உரிமை

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேலையோடு கட்டிய விசா என்றால், வேலையை விட்டால் வீட்டையும் நாட்டையும் சேர்த்து விட வேண்டிவரும். அமெரிக்காவின் எச்-1பி என்ற வேலை விசாவில் வேலை போனால், வழக்கமாகக் கிடைக்கும் அவகாசம் அதிகபட்சம் 60 நாள். அதற்குள் அடுத்த வேலை அல்லது வேறு விசா. இப்படிப்பட்ட நிலையில் மோசமான மேலாளரைச் சகித்துக்கொள்வது பொறுமை ஆகாது, வேறு வழியின்மை. அதனால் கேட்க வேண்டியவை: நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கு எத்தனை வருடம், அதுவரை வேலை மாற முடியுமா, துணைக்கும் பிள்ளைக்கும் தனி உரிமை உண்டா, மருத்துவக் காப்பீடு வேலையோடு போய்விடுமா, கட்டிய ஓய்வூதியப் பணம் திரும்பும்போது கைக்கு வருமா. சம்பளம் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் இந்தப் பதில்கள் தெளிவாக இருக்கும் நாட்டையே நான் தேர்வேன்.

போனவர்கள் என்ன சொல்கிறார்கள்?

2012 முதல் வெளிவரும் உலக மகிழ்ச்சி அறிக்கை, 2018இல் குடிபெயர்வைத் தனியாக எடுத்துப் பார்த்தது. அதில் கேட்கும் முக்கியக் கேள்வி ஓர் ஏணி. அமெரிக்க உளவியலாளர் ஹேட்லி கான்ட்ரில் 1965இல் தந்தது. கீழே பூஜ்யம், மேலே பத்து. உங்களுக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த வாழ்க்கை மேல் படி, மிக மோசமானது கீழ்ப் படி. இப்போது எந்தப் படியில் நிற்கிறீர்கள்? 117 நாடுகளில் குடியேறியவர்களின் பதிலையும் அங்கேயே பிறந்தவர்களின் பதிலையும் தனித்தனியாக வரிசைப்படுத்தினால், இரண்டு வரிசையும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. இரண்டிலும் பின்லாந்து முதலிடம். குடியேறியவர் போன நாட்டின் அளவை நெருங்கிவிடுகிறார் என்பது இதன் பொருள். ஆக, இடம் முக்கியம்தான். எங்கே போனாலும் எல்லாம் ஒன்றுதான் என்ற வேதாந்தம் இங்கே எடுபடாது.

இதற்கு நேரெதிராகத் தோன்றும் ஓர் ஆய்வு உண்டு. பசிபிக் தீவு நாடான டோங்காவிலிருந்து ஆண்டுக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கையினரை நியூசிலாந்து குலுக்கல் முறையில் ஏற்றுக்கொள்கிறது. ஆராய்ச்சியாளர்களுக்கு இது வரம்போல. பொதுவாக, போனவர்களையும் போகாதவர்களையும் ஒப்பிட முடியாது. போகத் துணிந்தவர்கள் குணத்திலேயே வேறு. இங்கே எல்லாரும் விண்ணப்பித்தவர்கள், பிரித்தது அதிர்ஷ்டம் மட்டும். ஸ்டில்மன், கிப்சன், மெக்கன்சி, ரோஹோருவா ஆகிய நால்வர் 2015இல் வெளியிட்ட முடிவு இது: குலுக்கலில் வென்று போனவர்களின் வருமானம் பெரிதாக ஏறியது. மனநலமும் மேம்பட்டது. ஆனால் மகிழ்ச்சி குறைந்தது.

அதைவிடச் சுவையான பகுதி ஒன்று உண்டு. போனவர்கள் முன்னிருந்த நிலையையும் இன்றைய நிலையையும் தாங்களே ஒப்பிட்டபோது, தங்கள் நிலை ஏறிவிட்டது என்றார்கள். குலுக்கலில் தோற்று ஊரிலேயே இருந்தவர்களோடு வைத்துப் பார்த்தால் அந்த ஏற்றம் காணவில்லை. அப்படியானால் நடந்தது என்ன? புது நாட்டைப் பார்த்தபின் அவர்களுடைய பழைய வாழ்க்கை, நினைவில், கீழே இறங்கிவிட்டது என்றுதான் நான் படிக்கிறேன். முன்பு கையில் வைக்கச் சொன்ன ‘எதிர்பார்ப்பு’ இங்கேதான் வேலை செய்கிறது. அளக்கப்பட்ட பொருளோடு அளவுகோலும் மாறிவிடுகிறது.

காலமும் ஒரு காரணி. நார்வே நாட்டின் சமூகவியலாளர் லிஸ்கார்ட், ஃபுல்பிரைட் உதவித்தொகையில் அமெரிக்கா போய்த் திரும்பிய சுமார் 200 நார்வேக்காரர்களிடம் பேசி 1955இல் எழுதினார். அங்கே ஆறு மாதத்துக்குக் குறைவாக இருந்தவர்களும் பதினெட்டு மாதத்துக்கு மேல் இருந்தவர்களும் நன்றாகப் பொருந்தியிருந்தார்கள். நடுவில் இருந்தவர்கள்தான் தடுமாறினார்கள். எல்லாருக்கும் அப்படியே நடக்கும் என்று பின்வந்த ஆய்வுகள் உறுதிசெய்யவில்லை. ஆனாலும், போய் ஒரு வருடம் ஆனவரிடம் கேட்கும் பதிலை அவருடைய கடைசித் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முதல் மாதத்துப் புகைப்படத்தையும்தான். முடிந்தால், போய்த் திரும்பி வந்தவர்களைத் தேடிப் பிடியுங்கள். அவர்கள் படம் போடுவதில்லை, அதனால் கண்ணில் படுவதில்லை.

மதிப்பெண் அட்டவணையில் ஒரு தில்லுமுல்லு

காரணங்களை எழுதி, எடை கொடுத்து, கூட்டி, எந்த நாட்டுக்கு அதிகம் என்று பார்க்கச் சொல்லும் அட்டவணைகள் நிறையக் கிடைக்கும். போட்டுப் பாருங்கள், தப்பில்லை. ஆனால் மனசு விரும்பாத விடை வந்தால் என்ன செய்வீர்கள்? எடையைக் கொஞ்சம் திருத்துவீர்கள். ‘பெற்றோர் பக்கத்தில் இருப்பது’ 9ஆக இருந்தது, 7ஆகிவிடும். அந்தத் திருத்தம்தான் அட்டவணை தரும் ஒரே நேர்மையான தகவல். எந்தப் பக்கம் திருத்தினீர்கள் என்று பாருங்கள்.

அதோடு, எல்லாவற்றையும் கூட்ட முடியாது. சில விஷயங்கள் ஓர் அளவுக்குக் கீழே போனால் வேறு எதை வைத்தாலும் சமன் ஆகாது. நாள்பட்ட நோய் உள்ள குழந்தைக்கு அங்கே காப்பீடு கிடைக்காது என்றால், பூங்காவுக்குத் தரும் பத்து மதிப்பெண் எதற்கு? முதலில் அந்தக் குறைந்தபட்சங்களை மூன்று நான்கு எழுதி, தாண்டாத நாட்டை அடித்துவிடுங்கள். மிஞ்சியவற்றில் மட்டும் கூட்டல் கழித்தல்.

அப்புறம், திரும்ப முடிவதையும் முடியாததையும் பிரியுங்கள். வேலையை விட்டுவிட்டு வரலாம், வீட்டை மறுபடி வாடகைக்குப் பிடிக்கலாம். பிள்ளை பத்து வயதுவரை வேறு மொழியில் படித்த படிப்பு, பெற்றோரின் கடைசி ஆண்டுகள், துறந்துவிட்ட குடியுரிமை, இவற்றுக்குத் திரும்பும் டிக்கெட் கிடையாது, அல்லது மிக விலை அதிகம். இருபத்தைந்து வயதில் இந்தப் பட்டியல் அநேகமாகக் காலியாக இருக்கும். நாற்பதில் நிரம்பி வழியும். அதனால் அவர் போனார் நானும் போகிறேன் என்பது, இரண்டு பேரும் ஒரே வயதில், ஒரே பொறுப்போடு இருந்தால்தான் பொருந்தும்.

மாதக்கணக்கில் முடிவெடுக்க முடியாமல் தவிப்பவர்களுக்கு ஒரு தகவல். பொருளியலாளர் ஸ்டீவன் லெவிட், வாழ்க்கையில் ஒரு முடிவுக்கு வர முடியாமல் இருப்பவர்களை இணையத்தில் நாணயம் சுண்டச் சொன்னார். 20,000க்கும் மேற்பட்ட சுண்டல்கள். பெரிய முடிவுகளில், மாற்றத்தைச் செய்தவர்கள் ஆறு மாதம் கழித்து, செய்யாதவர்களைவிட மகிழ்ச்சியாக இருந்தார்கள். நாடு விடுவதைப் பற்றிய ஆய்வு அல்ல அது, தாமாக வந்து கலந்துகொண்டவர்கள் வேறு. அதை வைத்து விமானம் ஏறிவிட வேண்டாம். ஆனால் தராசு இரண்டு பக்கமும் சமமாக நின்றால், நம் மனம் சும்மா இருப்பதற்கே சாதகமாக ஒரு கல்லை ரகசியமாக வைத்திருக்கக்கூடும்.

முடிந்தால் ஒரு மாதம் போய் இருந்து பாருங்கள். அந்த ஊரின் மோசமான பருவத்தில், சுற்றுலா விடுதியில் இல்லாமல், உங்கள் சம்பளத்துக்குக் கிடைக்கக்கூடிய பேட்டையில், காலை நெரிசலில் அலுவலகம்வரை போய்த் திரும்பி. பணமோ விடுப்போ இடம் தராவிட்டால், அந்தச் செவ்வாய்க்கிழமைத் தாளையாவது அங்கே இருப்பவர் ஒருவரிடம் காட்டித் திருத்தி வாங்குங்கள்.

போவது என்று முடிவானால், பெட்டி கட்டுவதற்கு முன் ஒரு சின்ன வேலை. இன்று அந்த ஏணியில் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, துணையையும் தனியாக எழுதச் சொல்லி, ஒட்டிய உறையில் வைத்துவிடுங்கள். ஏன் அந்தப் படி என்று இரண்டு வரியும் எழுதுங்கள். இரண்டு வருடம் கழித்து, ‘அப்போது எப்படி இருந்தோம்’ என்று நினைவைக் கேட்காமல், அந்த உறையைப் பிரித்துப் படியுங்கள். இருப்பது என்று முடிவானாலும் இதே உறை, இதே தேதி.